பேட்டரிக் காலத்தில் எரிதல் ஆய்வைப் படித்தால் பயனுண்டா?

கேள்வி: மெக்கானிக்கல் முடித்து கேட் தேர்வும் எழுதிவிட்டேன். பெங்களூருவில் எரிதல் ஆய்வு சார்ந்த எம்.டெக். இடம் கிடைக்கும் போலிருக்கிறது. எல்லாம் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கும்போது நெருப்பைப் பற்றிப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்:

சேருங்கள். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் உலைகளுக்கான பர்னர்களை வடிவமைக்கும் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். உங்கள் வீட்டாரின் கவலை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களில் பாதி சத்தமில்லாமல் போவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கார் எஞ்சின் ஒன்றையே மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் துறைக்கு வருவதாக இருந்தால் நானும் யோசிக்கத்தான் சொல்வேன். ஆனால் எரிதல் என்பது எஞ்சினோடு முடிந்துவிடுவதில்லை.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்க 1,200 டிகிரி செல்சியஸ் வேண்டும். கண்ணாடி உலைக்கு 1,500 டிகிரி. தரை ஓடு, சுண்ணாம்பு, சிமென்ட், அலுமினியம் உருக்குதல், பதப்படுத்தும் உலை என்று நீங்கள் கையில் எடுக்கும் பொருளில் பாதிக்குமேல் ஏதோ ஒரு சுடரைக் கடந்துதான் வந்திருக்கும். இவற்றில் சிலவற்றை மின்சாரத்தால் செய்ய முடியும், செய்கிறார்கள். இன்டக்ஷன் உலை எங்கள் பக்கத்துப் பட்டறையிலேயே இருக்கிறது. மற்ற உலைகளை நாளைக்கே மாற்றிவிட முடியாது. அவற்றில் மாறுவது எரிபொருள்தான். எரிபொருள் மாறும்போதெல்லாம் சுடரை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. உங்கள் துறையின் வேலை அங்கேதான் இருக்கிறது.

வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்கலாம். பெங்களூருவில் பல அடுக்ககங்களுக்குக் குழாய் எரிவாயு வந்துவிட்டது. இணைப்புக் கொடுக்க வருபவர் அடுப்பின் ஜெட்டை, அதாவது வாயு வெளிவரும் சிறு துளையுள்ள முனையை, மாற்றிவிட்டுத்தான் போவார். சிலிண்டரில் வரும் புரொப்பேன், பியூட்டேன் கலவையில், ஒரே கன அளவுக்கு, குழாயில் வரும் மீத்தேனைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வெப்பம் இருக்கிறது. காற்றுத் தேவையும் வேறு. ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய ஒன்பதரைப் பங்கு காற்று போதும். பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். பழைய ஜெட்டிலேயே குழாய் எரிவாயுவை விட்டால் சுடர் நோஞ்சானாக நிற்கும். பெரிய துளையில் சிலிண்டர் வாயுவை விட்டால் காற்றுப் போதாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரிபிடிக்கும், அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். டீசலிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் குழாய் எரிவாயுவுக்கு மாறும் தொழிற்சாலை உலைகளிலும் இதே கணக்குத்தான், ஆனால் விளைவு பல மடங்கு பெரிது.

இப்போது ஹைட்ரஜன் வருகிறது. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை இலக்காக வைத்திருக்கிறது. ஹைட்ரஜனைக் காகிதத்தில் பார்த்தால் பயமாக இருக்கும்: ஒரு கன மீட்டரில் மீத்தேனின் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்கூட இல்லை. ஆனால் மீத்தேன் மூலக்கூறின் எடையில் எட்டில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன். அதே அழுத்தத்தில், அதே துளை வழியாக அது எட்டின் வர்க்கமூலம், அதாவது சுமார் 2.8 மடங்கு கூடுதலாகப் பாய்கிறது. பெருக்கிப் பார்த்தால் மீத்தேன் தந்த வெப்பத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் வந்துவிடுகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஜெட்டைப் பொறுத்தவரை ஹைட்ரஜன் நமக்கு அவ்வளவாகத் தொல்லை கொடுப்பதில்லை.

தொல்லை வேறிடத்தில் காத்திருக்கிறது. மீத்தேனும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் சுடர் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் முன்னேறும். ஹைட்ரஜனில் அது 2 மீட்டருக்கும் மேல். பர்னரின் வாயிலிருந்து கலவை வெளியேறும் வேகத்தைவிடச் சுடரின் வேகம் கூடிவிட்டால் நெருப்பு உள்ளே பாய்ந்துவிடும். பட்டறையில் இதை பேக்ஃபயர் என்பார்கள்.

இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சோதிக்கும்போது இதை அருகில் நின்று பார்க்கலாம். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு சுடரின் நீலம் வெளிறத் தொடங்கும். அது நுனி சுருங்கி பர்னரின் முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரைச்சலில் ஒரு கூர்மை ஏறும். எங்களோடு வேலை செய்யும் ஆரணிக்கார ஃபோர்மேன் அண்ணன், கருவி எண் காட்டுமுன் காதால் இதைக் கண்டுபிடித்து வால்வில் கை வைத்துவிடுவார். பர்னரின் கழுத்துக்குள் பதித்த தெர்மோகப்பிளில் வெப்பநிலை ஏறுவது அதற்குப் பிறகுதான் திரையில் தெரியும். ஹைட்ரஜனின் அளவு மிகக் கூடிவிட்டால், பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. காற்றில் மிதக்கும் தூசியின் சோடியம் சூடேறி ஒளிர்ந்து அங்கங்கே ஓர் ஆரஞ்சுக் கீற்று தோன்றும், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலை நான் மாணவர்களிடம் விடாமல் சொல்வதுண்டு. எரிவாயு பர்னர்கள் பலவற்றில் சுடர் இருக்கிறதா என்று காவல் காப்பது ஓர் உலோகக் கம்பி. மீத்தேன் சுடரில் கார்பன் சேர்மங்கள் உடையும்போது அயனிகள் பிறக்கின்றன. அவற்றின் வழியே சில மைக்ரோஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. அது நின்றால் கட்டுப்பாட்டுப் பெட்டி வாயுவை அடைத்துவிடும். தூய ஹைட்ரஜனில் கார்பன் ஏது? சுடர் கொழுந்துவிட்டு எரிந்தாலும் அந்தக் கம்பிக்கு எதுவும் தெரியாது. ஆகவே புற ஊதாக் கதிரை உணரும் கருவிக்கு மாற வேண்டியிருக்கிறது. எரிபொருளை மாற்றினால் பாதுகாப்பு முறையையும் மாற்ற வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இவற்றோடு, ஹைட்ரஜன் சுடரின் வெப்பநிலை கூடுதல் என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடாக மாறுவதும் கூடும். புகைபோக்கியில் நீராவி அதிகமாக இருக்கும். உருகிய அலுமினியம் நீராவியிலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். வார்ப்பு ஆறும்போது உள்ளே நுண்துளைகள் விழும். கார்பன் குறைந்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டு ஓட்டை வார்ப்பை வாடிக்கையாளரிடம் கொடுக்க முடியாது. இவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வேட்டுக்கான வேலை கிடக்கிறது.

பெங்களூருவில் படிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில், அமுல்ய ரெட்டியின் முயற்சியால் 1974-ல் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று அஸ்த்ரா என்ற மையம் தொடங்கப்பட்டது. அந்தக் கழகத்தின் ஆய்வில் உருவான வாயுவாக்கி உலையைக் கொண்டு 1988-ல் தும்கூரு மாவட்டத்தின் ஹோசஹள்ளி கிராமத்துக்கு விறகிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். விறகைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். அதை எஞ்சினில் எரிக்கலாம். கேட்க எளிது. அந்த வாயுவோடு வரும் தார்தான் எமன். குளிர்ந்ததும் வால்விலும் குழாயிலும் பிசுபிசுவென்று ஒட்டி எஞ்சினை நிறுத்திவிடும். வாயு முழுவதையும் கொதிக்கும் கரிப்படுகை வழியாகக் கீழ்நோக்கி இழுத்து, தாரை அங்கேயே சிதைப்பதுதான் அந்த வடிவமைப்பின் உயிர். பேராசிரியர் முகுந்தாவும் அவருடைய குழுவினரும் இதற்கு எவ்வளவு காலம் உழைத்தார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள்.

தாரை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தின் மோர்பி சாட்சி. அங்குள்ள தரை ஓட்டுத் தொழிற்சாலைகள் மலிவு என்று நிலக்கரி வாயுவாக்கிகளை நம்பியிருந்தன. அவற்றின் தாரும் கழிவுநீரும் சுற்றுப்புறத்தைக் கெடுத்ததால், 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவற்றை மூடச் சொன்னது. தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற நேர்ந்தது.

ஹோசஹள்ளியில் பயன்பட்ட அதே அறிவு இப்போது வேறு வடிவம் எடுத்திருக்கிறது. காற்றுக்குப் பதில் ஆக்சிஜனையும் நீராவியையும் செலுத்தினால் வாயுவில் பாதியை அடைத்துக்கொள்ளும் நைட்ரஜன் போய்விடும். இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் தாசப்பாவின் குழு இந்த வழியில், விறகு போன்ற உயிர்ப்பொருள் ஒரு கிலோவிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் எடுப்பதாக 2022-ல் அறிவித்தது. அந்த ஒரு கிலோவுக்குள் இருப்பதே சுமார் 60 கிராம்தான். மிச்சம் நீராவியிலிருந்து வருகிறது.

வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எரிவாயு டர்பைன் ஆய்வு நிறுவனமும் தேசிய விமானவியல் ஆய்வகமும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. தனியார் ஆய்வு மையங்களும் உண்டு. எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களில் சம்பளம் அவ்வளவு இருக்காது. ஆனால் காலையில் வரைந்ததை அடுத்த வாரம் எரித்துப் பார்க்கலாம்.

சேரும் முன் ஒன்றைச் செய்யுங்கள். வழிகாட்டியாக வரப்போகும் பேராசிரியரிடம் கேட்டு ஆய்வகத்தை நேரில் பாருங்கள். கணினி மாதிரிகள் மட்டும் ஓடும் இடமா, பர்னரும் வாயுப் பகுப்பாய்வுக் கருவியும் தினமும் ஓடும் இடமா என்று கவனியுங்கள். இரண்டும் சேர்ந்த இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஒன்றுதான் என்றால் கருவி ஓடும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், கணினியைப் பிறகு கற்கலாம். வேதி வினைவேகப் பாடத்தைக் கடினம் என்று ஒதுக்க வேண்டாம். மெக்கானிக்கல் படித்து எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் திணறுவது அதில்தான்.