சுகர் குறைந்தும் காலில் புண் ஏன் ஆறவில்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. பதினாறு வருடமாகச் சர்க்கரை நோய். முதல் பத்து வருடத்துக்கும் மேல் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மாதச் சர்க்கரை சராசரி (எச்.பி.ஏ.1சி.) 10, 11 என்றே இருந்தது. போன வருடத்திலிருந்து இன்சுலின் போட்டு, வாயைக் கட்டி, கடைசி இரண்டு டெஸ்டிலும் 6.9 வந்திருக்கிறது. ஆனால் வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தில் உள்ள புண் நான்கு மாதமாக ஆறவில்லை. வலிக்கவில்லை என்று தினமும் நடந்தே கடைக்குப் போய் வருகிறார். "சுகரைக் குறைத்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார். சொந்தக்காரர் ஒருவர் எபிஜெனெடிக்ஸ் மாத்திரை என்று ஒன்றைச் சொல்கிறார், மாதம் 4,800 ரூபாய். கெட்ட ஜீன்களை அணைத்துவிடுமாம். வாங்கலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. அப்பாவின் காலில் ரத்த ஓட்டத்தை முதலில் பார்த்துவிட்டு, அது சரியாக இருந்தால், அந்தப் பணத்தைக் காலுக்கு மாவுக்கட்டு போடச் செலவிடுங்கள். எலும்பு முறியாத காலுக்கு எதற்கு மாவுக்கட்டு என்று தோன்றும். சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதே கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 1,441 பேர். பாதிப் பேருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்குக் கடுமையான கட்டுப்பாடு. சராசரி முதல் குழுவில் 9 சதவீதத்தை ஒட்டியும் இரண்டாவது குழுவில் 7-ஐ ஒட்டியும் நின்றது. கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் வெகுவாகத் தப்பின. 1993-ல் ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் அதே கடுமையான முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். சில வருடங்களில் இரண்டு குழுவின் சராசரியும் 8 பக்கம் வந்து ஒன்றாகிவிட்டது. அப்படியானால் பாதிப்பும் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. முன்பு சர்க்கரை அதிகமாக இருந்தவர்களுக்கே கண்ணும் சிறுநீரகமும் தொடர்ந்து அதிகமாகக் கெட்டன. இரண்டாம் வகை நோயாளிகளை வைத்துப் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வும் 2008-ல் இதையே வேறு கோணத்தில் காட்டியது: ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தியவர்களுக்கு, சர்க்கரை அளவில் இருந்த வித்தியாசம் மறைந்து பல வருடம் கழித்தும் மாரடைப்பு குறைவாகவே வந்தது.

ரத்தத்தில் இன்று அதிகச் சர்க்கரை இல்லை. ஆனால் அது இருந்த நாட்களை உடம்பு மறக்கவில்லை. இந்த நினைவு எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடியபோதுதான் எபிஜெனெடிக்ஸ் வருகிறது. உங்கள் சொந்தக்காரர் சொன்ன சொல் பொய்யில்லை. அதை வைத்து விற்கிற பொருள்தான் பிரச்சினை.

நம் உடம்பின் ஏறத்தாழ ஒவ்வொரு வகைச் செல்லிலும் சுமார் இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் அதைச் சுற்றிச் சுற்றி அடக்கி வைத்திருக்கிறது செல். வீட்டில் தினம் தேவைப்படும் பாத்திரம் கைக்கெட்டும் அலமாரியில் இருக்கும், தேவைப்படாதது பரணில் இருக்கும் இல்லையா? அதே போலத்தான். சில ஜீன்கள் தளர்வாக, எடுக்க வசதியாக இருக்கும். சில இறுகச் சுற்றிப் பரணில் கிடக்கும். எது அலமாரி, எது பரண் என்று தீர்மானிப்பவை டி.என்.ஏ. மேலும் ஹிஸ்டோன் மேலும் ஒட்டப்படும் மெத்தில், அசிட்டைல் போன்ற சின்னச் சின்ன வேதிக் குறிகள். அதை ஒட்டுவதற்கு நொதிகள் உண்டு, உரிப்பதற்கும் நொதிகள் உண்டு. ஜீனில் எழுதியிருப்பது ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. எது கைக்கு எட்டும் என்பதுதான் மாறுகிறது. இதைப் பற்றிய படிப்புதான் எபிஜெனெடிக்ஸ்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அசாம் எல்-ஓஸ்டா என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2008-ல் செய்த ஒரு சோதனை எனக்கு மறக்கவே மறக்காது. ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களை வெறும் 16 மணி நேரம் அதிகச் சர்க்கரையில் வைத்தார்கள். பிறகு சாதாரண அளவுக்கு மாற்றினார்கள். ஆறு நாள் கழித்தும் அழற்சியைத் தூண்டும் முக்கியமான ஒரு ஜீனின் வாசலில் அந்த மெத்தில் குறி அப்படியே இருந்தது, ஜீனும் அதிகமாக வேலை செய்துகொண்டிருந்தது. பதினாறு மணி நேரத்துக்கே இப்படி என்றால் பத்து வருடத்துக்கு? அந்தப் பதிலும் கிடைத்தது. முன்பு சொன்ன 1,441 பேரில் சிலருடைய ரத்தத்தைக் கலிபோர்னியாவில் ரமா நடராஜனின் குழு ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டது. சர்க்கரை அதிகமாக இருந்தபோது ஏற்பட்ட டி.என்.ஏ. குறி மாற்றங்களில் சில, பதினாறு, பதினேழு வருடம் கழித்தும் அவர்களுடைய வெள்ளணுக்களில் இருந்தன.

சரி, இதற்கும் அப்பாவின் காலுக்கும் என்ன தொடர்பு? அந்த வெள்ளணுக்களில் மோனோசைட் என்று ஒரு வகை. அதுதான் புண்ணுக்குள் போய் மேக்ரோபேஜ் ஆகிறது. புண் ஆறுவதும் ஆறாததும் பெரும்பாலும் இதன் கையில்.

காயம் பட்டதும் முதல் சில மணி நேரத்தில் வேறு வெள்ளணுக்கள் வந்து கிருமிகளோடு சண்டை போடும். அடுத்த ஓரிரு நாளில் மேக்ரோபேஜ்கள் குவியும். முதலில் அவை இடிக்கும் ஆட்கள்: கிருமியைத் தின்னும், செத்த சதையைக் கரைக்கும், அழற்சிப் பொருட்களைக் கொட்டும். சிவப்பு, சூடு, வீக்கம் எல்லாம் அப்போது வருவதுதான், வர வேண்டியதும்கூட. நான்கைந்து நாளில் அதே செல்கள் தொழிலை மாற்றிக்கொண்டு கொத்தனார் ஆகும்: புதிய ரத்தக்குழாய் வளர, புதுச் சதை கட்ட, தோல் மூட உத்தரவு கொடுக்கும். இந்த மாற்றம் நடக்காவிட்டால் புண் இடிபாட்டிலேயே நிற்கும். ஒரு பக்கம் கட்டக் கட்ட இன்னொரு பக்கம் இடித்துக்கொண்டே இருந்தால் வீடு எப்படி எழும்பும்?

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் கல்லகர் ரத்தக்குழாய் அறுவை நிபுணர். இந்த மாற்றம் எங்கே தடைபடுகிறது என்று பல வருடமாக அவருடைய குழு பார்த்து வருகிறது. எம்.எல்.எல்.1 என்ற நொதி அழற்சி ஜீன்களுக்குத் 'திற' என்ற குறியை ஒட்டுகிறது. சாதாரணப் புண்ணில் அது சில நாள் ஏறி, பிறகு இறங்கிவிடும். சர்க்கரை நோய் உள்ள எலிகளில் அது இறங்காமல் அதிகமாகவே நின்றது. இரண்டாம் வகை நோயாளிகளின் மோனோசைட்டிலும் அதிகமாக இருந்தது. செட்.டி.பி.2 என்ற இன்னொரு நொதி அழற்சி ஜீன்களைப் பரணில் ஏற்றுவது. சர்க்கரை உள்ள புண்ணில், அது ஏற வேண்டிய நேரத்தில் ஏறுவதில்லை. திறப்பவர் போக மறுக்கிறார், மூட வேண்டியவர் வரவில்லை. உங்கள் அப்பாவின் பாதத்திலும் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்துகொண்டிருக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். மோனோசைட் ரத்தத்தில் ஓரிரு நாள்தான் சுற்றும். போன வாரத்து செல்கள் இந்த வாரம் இல்லை. அப்படியிருக்க, நினைவு எப்படி வருடக்கணக்கில் நிற்கும்? விடை எலும்பு மஜ்ஜையில். மோனோசைட்டைப் பெற்றுப்போடும் தாய்ச் செல்களிலேயே அந்தக் குறிகள் விழுந்துவிடுகின்றன. சர்க்கரை நோயுள்ள எலியின் மஜ்ஜையை, சர்க்கரையே இல்லாத எலிக்கு மாற்றிவைத்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. வாங்கிக்கொண்ட எலிக்கு ரத்தச் சர்க்கரை சரியாகவே இருந்தது; ஆனாலும் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு அதிகமானது. நல்ல விஷயத்துக்கும் இதே வழிதான் பயன்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி மோனோசைட்டுகளுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்து, காசநோய் அல்லாத கிருமிகளையும் வேகமாக எதிர்க்க வைக்கிறது என்று நெதர்லாந்தில் மிகாய் நெட்டியாவின் குழு காட்டியிருக்கிறது. மஜ்ஜைக்கு நல்லது கெட்டது தெரியாது, பழகியதைச் செய்கிறது.

ஆகவே அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: 6.9 வீண் இல்லை. இனிமேல் விழ இருந்த குறிகளை அது நிறுத்துகிறது. இடது காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் அது காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் பழைய குறிகள் மெதுவாகத்தான் கரையும். அதுவரை அந்த வலது காலுக்கு வெளியிலிருந்து உதவி வேண்டும். பத்து வருடம் மாத்திரை சாப்பிடாததைச் சொல்லி யாரும் அவரை இப்போது திட்டவும் வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பலர் அந்தக் குற்ற உணர்விலேயே கட்டு மாற்ற வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

அந்த மாத்திரை ஏன் கூடாது? இந்த நொதிகள் புண்ணில் மட்டும் இல்லை. ரத்தம் ஊறும் இடத்தில், குடலில், ஈரலில், எங்கும் அவற்றுக்கு வேலை இருக்கிறது. குறிகளை ஒட்டி உரிக்கும் இதே மாதிரி நொதிகளைத் தொடும் உண்மையான மருந்துகள் உண்டு. அசாசைட்டிடின், வோரினோஸ்டாட் போன்றவை சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தருபவை, ரத்த அணுக்களை எண்ணி எண்ணிக் கொடுக்க வேண்டியவை. புண்ணின் மேக்ரோபேஜில் மட்டும் இந்த நொதிகளைத் தடுக்கும் முயற்சி எலிகளில் நன்றாகவே நடந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கையும் உண்டு. ஆனால் கடையில் டப்பாவில் கிடைப்பது அது இல்லை.

இப்போது மாவுக்கட்டு. கட்டைவிரலுக்குக் கீழே வரும் புண் பெரும்பாலும் நரம்பு செத்ததால் வருவது. வலி தெரியாததால் நடக்கிறார். ஒவ்வொரு அடியும் அதே இடத்தை நசுக்குகிறது. நசுங்கிய சதை 'மறுபடியும் காயம்' என்று கூவுகிறது. இடிக்கும் ஆட்கள் மறுபடியும் வருகிறார்கள். ஏற்கெனவே அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் செல்களுக்குத் தினமும் ஆயிரக்கணக்கான அழைப்புகள். பாதம் முழுவதும் ஒட்டினாற்போல் போடும் மாவுக்கட்டு அந்தப் பாரத்தைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பிரித்துவிடுகிறது. இத்தாலியில் 2003-ல் வந்த ஓர் ஆய்வில், இருபது நாள் இப்படிக் கட்டுப் போட்ட புண்களின் சதையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். போடாத புண்களில் அழற்சி நிரம்பியிருந்தது. போட்ட புண்களில் புதுச் சதையும் புது ரத்தக்குழாய்களும். பாரத்தை எடுத்ததே செல்களின் வேலையை மாற்றுகிறது.

இதில் வேலூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண் நோயால் அழுகுவதில்லை, வலி தெரியாமல் நடப்பதால் ஆறாமல் போகிறது என்று கண்டு மாவுக்கட்டால் ஆற்றினார். பின்னாளில் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போய் அதே முறையைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொண்டுசேர்த்தார்.

பலன் எவ்வளவு? 2001-ல் அமெரிக்காவில் டேவிட் ஆம்ஸ்ட்ராங் என்ற பாத மருத்துவரின் குழு பாரம் குறைக்கும் முறைகளை ஒப்பிட்டது. 12 வாரத்தில் மாவுக்கட்டு போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புண் மூடியது; கழற்றி மாட்டும் பூட்ஸ் போட்டவர்களில் பத்தில் ஆறேழு பேருக்குத்தான். பிறகு அதே குழு பூட்ஸ் போட்டவர்களின் நடையை எண்ணியது. எடுத்து வைத்த அடிகளில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு. மீதி, 'இதோ பாத்ரூம் வரைக்கும்தானே' என்று கழற்றி வைத்துவிட்டு நடந்தது. மாவுக்கட்டை அவராகக் கழற்ற முடியாது. அதுதான் அதன் சிறப்பே.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. முதலில் காலில் நாடித்துடிப்பு தெரிகிறதா, கணுக்காலில் ரத்த அழுத்தம் எவ்வளவு, டாப்ளர் என்ற ரத்த ஓட்டப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் முதல் வேலை அடைப்பை நீக்குவது. எந்தக் கட்டும் அதை ஈடுகட்டாது. நான்கு மாதப் புண் என்பதால் எக்ஸ்ரே எடுத்து எலும்பில் கிருமி இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணைச் சுற்றியுள்ள காய்ப்பையும் செத்த சதையையும் மருத்துவர் அடிக்கடி வெட்டி எடுக்க வேண்டும். பார்க்கப் பெரிதானது போல இருக்கும், பயப்படாதீர்கள். இடிப்பவர்களுக்கு அது வேலையைக் குறைக்கிறது. கிருமித் தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. சிவப்பு பரவினாலோ, நாற்றம், காய்ச்சல், கறுப்பு நிறம் வந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் என்று தள்ள வேண்டாம். வெந்நீரில் கால் வைப்பது, மஞ்சள் அப்புவது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது மூன்றும் வேண்டாம். அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் அதையும் நிறுத்தியாக வேண்டும். புகையும் வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வில் தன் குறியை விடுகிறது, நிறுத்திய பிறகு மெல்லத்தான் போகும்.

வாரம் ஒரு நாள், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் புண்ணைப் போட்டோ எடுங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தால் அதை மாற்றும் நாளில் எடுக்கலாம். நல்ல சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அதே கட்டையே தொடராமல், "வேறு என்ன பார்க்க வேண்டும்?" என்று மருத்துவரிடம் அந்தப் போட்டோக்களைக் காட்டிக் கேளுங்கள். புண் மூடிய பிறகும் பழைய ரப்பர் செருப்புக்குத் திரும்ப வேண்டாம். அளவெடுத்துச் செய்த எம்.சி.ஆர். (பாதத்தை உறுத்தாத மென்மையான ரப்பர்) செருப்பு வாங்கி, வீட்டுக்குள்ளேயும் போட்டு நடக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரி அப்பா படுக்கும்போது அந்த இடது பாதத்தின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கேயும் காய்ப்பு இருந்தால் அதையும் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.