அரியரில் நூற்றுக்குப் பத்து: சங்கம் கேட்கலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போன மாதம் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். உறுப்பினர்களில் பாதிப்பேர் கணவரை இழந்த தாய்மார்கள். யாருக்குப் பென்ஷன் நிலுவை, அதாவது அரியர், வாங்கிக் கொடுத்தாலும் அதில் நூற்றுக்குப் பத்து 'வளர்ச்சி நிதி' என்று எடுப்பது பழைய செயலாளர் காலத்து வழக்கம். அதற்கு முன்கூட்டியே பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். இப்போது 83 வயது ஆச்சி ஒருவருக்கு 96,000 ரூபாய் வந்தது. அவர் மகன் ஒரு பைசா தரமாட்டேன் என்கிறான். வக்கீல் நோட்டீஸ் விடச் சொல்லிக் கமிட்டி நெருக்குகிறது. அலைந்து வேலை பார்த்தது நாங்கள்தான். வெறும் சந்தாவை நம்பிச் சங்கம் நடத்த முடியுமா?

பதில்: நோட்டீஸ் விடாதீர்கள், தம்பி. நீங்கள் கையெழுத்து வாங்கி வைத்திருக்கும் பத்திரம் பக்கோடா மடிக்கக்கூட உதவாது. அந்தத் தாள் எண்ணெய் உறிஞ்சாது.

காரணம் சொல்கிறேன். 1871-ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: இனிமேல் வரவேண்டிய பென்ஷன் பணத்தை முன்கூட்டியே விற்பது, அடகு வைப்பது, இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது, இவை எதுவும் செல்லாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் செல்லாது, சாட்சிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அதற்கு முந்தைய 11-ஆம் பிரிவு, கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்கிறது. நீங்கள் நோட்டீஸ் விட்டால், செல்லாத ஒப்பந்தம் ஒன்று போட்டோம் என்று உங்கள் லெட்டர்பேடிலேயே ஒப்புக்கொண்டதாகும். பையனுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்த வக்கீல் கிடைத்தால் போதும், அந்த நோட்டீஸ் அப்படியே உங்கள் பக்கம் திரும்பும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைத்தான் எல்லாச் சங்கமும் தவறாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சட்டம் தடுப்பது இன்னும் கைக்கு வராத பணத்தைப் பற்றிய ஒப்பந்தத்தை. கணக்கில் விழுந்த பிறகு அது ஆச்சியின் பணம். அவர் கோயிலுக்குக் கொடுக்கலாம், பேத்திக்குக் கம்மல் வாங்கலாம், சங்கத்துக்கும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் அது நன்கொடை, ரசீது போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அப்ப சரி அண்ணாச்சி, பணம் வந்த மறுநாள் போய்க் கையெழுத்து வாங்கிடுதோம்" என்று ஒரு சங்கத்தார் என்னிடம் சொன்னார்கள். இல்லை. முன்பே பேசி வைத்துவிட்டுத் தேதியை மட்டும் பின்னால் போட்டால் அது நன்கொடை ஆகாது. "கொடுக்காவிட்டால் அடுத்த தடவை உங்கள் மனுவைத் தொடமாட்டோம்" என்று சொல்லி வாங்கினாலும் ஆகாது. விகிதம் குறித்து வாங்கினால் அது நன்கொடை மாதிரியே தெரியாது. எந்தத் தாயாவது 96,000-ல் கணக்காக 9,600 நன்கொடை கொடுப்பாளா? ஐந்நூறு கொடுப்பாள், ஆயிரத்தொன்று கொடுப்பாள், இல்லையென்றால் ஒரு சீப்புப் பழம் கொடுப்பாள். ஒன்றும் கொடுக்காமலும் இருப்பாள். நாலுக்கும் சங்கத்தின் முகம் ஒரே மாதிரி இருந்தால்தான் அது நன்கொடை.

நீங்கள் வேலை பார்த்தீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. தொகையைப் பார்த்தாலே விஷயம் புரிகிறது. 80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் இரட்டிப்பு. ஆச்சிக்கு 80-லேயே வந்திருக்கவேண்டியது, மூன்று வருஷம் தாமதமாகச் சேர்ந்து வந்திருக்கிறது. அடிப்படை 9,000 என்றால் 20 சதவீதம் 1,800, அதோடு அகவிலைப்படி, முப்பத்தாறு மாதம். கணக்கு ஏறத்தாழ அங்கேதான் போய் நிற்கும். தாமதத்துக்குக் காரணமும் தெரிந்ததுதான்: பென்ஷன் வழங்கும் ஆணையான பி.பி.ஓ.வில் ஆச்சியின் பிறந்த தேதி இருந்திருக்காது. அந்தக் காலத்தில் கல்யாணத்தைப் பார்ட் டூ ஆர்டரில், அதாவது சிப்பாயின் குடும்ப விவரங்களைப் பதியும் படை உத்தரவில், ஏற்றியபோது பெண்ணின் பெயரை எழுதினார்கள், தேதியை விட்டுவிட்டார்கள். சிப்பாய் பிறந்த தேதி, நெஞ்சளவு, உடம்பில் மச்சம் இருக்கும் இடம் வரைக்கும் எழுதி வைத்த அரசாங்கத்துக்கு, அவன் பெண்டாட்டியும் ஒரு நாள் பிறந்திருப்பாள் என்று தோன்றவில்லை. இப்போது கம்ப்யூட்டர் வந்தாயிற்று. தேதி இல்லாத இடத்தைப் பார்த்து "ஏன் இல்லை?" என்று கேட்க அதற்கும் தெரியவில்லை. நாம்தான் ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது.

ஓடிய செலவை வாங்குங்கள், தவறே இல்லை. பஸ், ஜெராக்ஸ், பதிவுத் தபால். இத்தனை ரூபாய் என்று எழுதி, பில் இணைத்து, ரசீது கொடுத்து வாங்குங்கள். பங்கு மட்டும் கேட்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்கிறேன் என்றால், பங்கு கேட்கும் சங்கத்துக்கும் ராணுவ கேன்டீன் வாசலில் நிற்கும் புரோக்கருக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த ஆட்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் ரெக்சின் பை, கையில் பழைய சர்க்குலர் ஜெராக்ஸ். "ஆச்சி, உங்களுக்கு ரெண்டு லட்சம் வரணும், யாரும் சொல்லலியா?" என்று ஆரம்பிப்பார்கள். அவர்கள் பிழைப்பதற்கு மூன்று வித்தைகள் போதும்.

ஒன்று, ஒரே பதவி ஒரே பென்ஷன். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் வேலை பார்த்தவர்கள் எந்த வருஷம் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன் என்கிற திட்டம் இது, 1.7.2014 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். 2019 ஜூலை 1 கணக்கில் ஒன்று வந்தது, 2024 ஜூலை 1 கணக்கில் அடுத்தது. இதற்கு யாரும் விண்ணப்பமே போடவேண்டாம். அட்டவணைப்படி அவர்களே கூட்டிப் போடவேண்டியது. புரோக்கர் என்ன செய்வான்? அறிவிப்பு வந்த வாரம் நாலு பேரிடம் மனு எழுதி வாங்கிக்கொள்வான். பணம் வந்ததும் "பார்த்தீகளா, நான் போட்ட மனு" என்பான். மழை பெய்ததற்குத் தவளை கமிஷன் கேட்கிற கதை.

அடுத்தது இன்னும் மோசம். ஓய்வு பெற்ற பின் கணவர் இறந்தால் மனைவிக்கு முதலில் கூடுதல் விகிதத்தில், கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற கணக்கில் வரும். இறந்து 7 ஆண்டு, அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது நிறைந்திருக்கும் நாள், எது முந்தியோ அதுவரைதான். அப்புறம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இறங்கப் போகிறது என்று அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் யாரும் ஒரு கடிதம் போடுவதில்லை. ஒரு மாதம் பாஸ்புக்கைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் குறைந்திருக்கும். அன்றைக்கு வந்து நிற்பான் இவன். "பேங்க்காரன் பிடிச்சிட்டான், அஞ்சாயிரம் கொடுங்க, மீட்டுத் தாரேன்." மீட்க அங்கே ஒன்றுமே கிடையாது. உங்கள் சங்கத்துத் தாய்மார்கள் ஒவ்வொருவருக்கும் இறங்கும் தேதி எது என்று ஒரு நோட்டில் எழுதி, ஆறு மாதம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். சந்தாவுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

மூன்றாவது, "இருபது வருஷ அரியர் வாங்கித் தருகிறேன்." சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளை இருக்கிறது, நியாயமான வழக்குக்குப் போகலாம். ஆனால் காலம் தாழ்த்திப் போனால் பெரும்பாலும் மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு அரியரோடு நிறுத்திவிடுவார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் தர்சேம் சிங் வழக்கில் சொன்ன வழி அது. இருபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டு முன்பணம் வாங்குகிறவன் அதைச் சொல்லமாட்டான்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் உறுப்பினர்களின் ஸ்பர்ஷ் கணக்கில், அதாவது படைவீரர் பென்ஷனை வழங்கும் இணையதளக் கணக்கில், யாருடைய செல்போன் நம்பர் இருக்கிறது? இன்றைக்கே பாருங்கள். வங்கிகளிலிருந்து பென்ஷனை ஸ்பர்ஷுக்கு மாற்றியபோது பட்டன் போன்கூட இல்லாத ஆச்சிகளுக்கு நம்பர் தேவைப்பட்டது. பல ஊர்களில் அன்றைய செயலாளர், நல்ல மனதோடுதான், தன் நம்பரைக் கொடுத்துவிட்டார். நான் ஒரு சங்கத்துக் கணக்கைப் பார்க்கப் போனபோது பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே நம்பர். அந்த மனிதர் இறந்துபோய், சிம் கார்டு காலாவதியாகி, ஓ.டி.பி. எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ஸ்பர்ஷ் என்றால் தொடுதல் என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர் ஒருநாள் களக்காட்டிலிருந்து அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும். நம்பர் மகன், மகள், பேரன் யாருடையதாவது இருக்கட்டும், சங்க நிர்வாகியுடையது வேண்டாம். பாஸ்வேர்டு எழுதிய நோட்டு சங்க அலுவலகத்தில் இருக்கவே கூடாது. ஏ.டி.எம். கார்டு இருந்தால் அதைவிட ஆபத்து. நம் பக்கத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்கள் பென்ஷன் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது புதிது இல்லை. 'பத்திரமாக இருக்கட்டும்' என்று சங்கப் பீரோவில் வைத்தாலும் போலீஸ் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பணம் வாங்காமல் சங்கம் என்னதான் செய்வது என்றால், பெயர்களைச் சரிபாருங்கள். இதுதான் நம் ஜில்லாவின் தனி வியாதி. இசக்கியை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஈ' போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் 'ஐ' போட்டுத் தொடங்குவார். பேச்சியில் ஒருவர் நடுவில் 'டி' சேர்ப்பார். டிஸ்சார்ஜ் புக்கில் பேச்சி, ரேஷன் கார்டில் பேச்சியம்மாள், ஆதாரில் அப்பா பெயரும் ஒட்டிக்கொண்டு நீளமாக ஒன்று. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது என்பதை வடக்கே இருக்கும் படிவத்துக்கு இத்தனை வருஷமாகியும் புரியவைக்க முடியவில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போது இது ஒரு மனுவில் முடியும் வேலை. அவர் கையெழுத்துப் போட்டு, உறுதிமொழிப் பத்திரம் இணைத்து, தன் படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரிக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பினால் திருத்தம் வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு, விமானப்படை என்றால் டெல்லி. அவர் போன பிறகு, 'நான்தான் அந்தப் பேச்சி' என்று அந்த அம்மா நிரூபிக்க வருஷக்கணக்கில் அலையவேண்டும். அந்த அலைச்சலில்தான் புரோக்கர் வீடு கட்டுகிறான். ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு மனு. இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

சந்தா விஷயம். சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளருக்குப் படிவம் 7-ல் தெரிவித்தார்களா என்று முதலில் பாருங்கள். தெரிவிக்கவில்லையென்றால் ஆவணப்படி இன்னும் பழைய செயலாளர்தான் செயலாளர், நீங்கள் கூப்பிடும் பேருக்குத்தான். ஆண்டுப் பொதுக்குழு, வரவு செலவுத் தாக்கல், ரசீது புத்தகம், வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. இவை இருந்தால் சந்தாவை உயர்த்தக் கூச்சப்படவேண்டியதில்லை. பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு மாதம் ஐம்பது என்பதை நூறாக்குங்கள். நாலு பேர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பென்ஷன் வராத உறுப்பினருக்கு மட்டும் சந்தா வேண்டாம் என்று அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.

இனி ஆச்சி வீட்டுக்குப் போங்கள். கமிட்டியில் கத்துகிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பத்திரத்தை மகன் கையில் கொடுத்து, திருப்பிக் கொடுத்ததாகச் சங்க நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போனது போனதுதான் என்று அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள். இந்த வருஷம் ஆச்சியின் உயிர்வாழ் சான்று கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். 83 வயதில் கைரேகை விழாது, எந்திரம் பத்துத் தடவை சிவப்பு விளக்குக் காட்டும். முகத்தைப் படம் பிடித்துக் கொடுக்கும் வசதி செல்போனிலேயே இருக்கிறது, காசு கிடையாது. இல்லையென்றால் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருவார். மகனுக்கு அந்த விவரம் தெரிந்திருக்காது, சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.