பின் ஆக்சில் மாற்றிய ஜீப் நான்கு சக்கர இயக்கத்தில் இறுகுவது பற்றி

இழுவை போதவில்லை என்று நினைத்து வேறு எஞ்சின் தேடுகிறீர்கள்; அதை நிறுத்திவிட்டு, முன், பின் ஆக்சில்களின் (சக்கரங்களைச் சுழற்றும் அச்சுகளின்) பல் விகிதத்தை, அதாவது இரு சக்கரங்களும் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை, முதலில் ஒன்றாக்குங்கள். காயலான் கடையில் வாங்கிய பின் ஆக்சிலைப் பூட்டிய பிறகுதான், கீரிப்பாறை ரப்பர் தோட்டப் பாதையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் உங்கள் பழைய ஜீப் இறுகி நிற்கிறது என்கிறீர்கள்; அப்படியானால் இழுவை குறைந்ததாகக் கொள்ள இடமில்லை; இரு ஆக்சில்களின் விகிதம் வேறுபட்டால் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல முயன்று ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பழைய ஜீப்புகளில் 5.38, 4.88 ஆகிய இரு விகிதங்களும் உண்டு. வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது.

சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (இயக்கத்தை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சரியாக 2 சுற்றுச் சுற்றுங்கள்; ஒரு சக்கரம் மட்டும் சுழலும்போது அதன் இரண்டு சுற்றுதான் இரு சக்கரங்களும் சேர்ந்து சுற்றும் ஒரு சுற்றுக்குச் சமம். சுண்ணாம்புக் கோடு போட்ட புரொப்பல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டு) ஐந்து சுற்றைத் தாண்டிச் சுமார் மூன்றில் ஒரு பங்கு திரும்பினால் 5.38, ஐந்தை எட்டாமல் நின்றால் 4.88. சில ஜீப்புகளில் கைப்பிரேக் இந்த ஷாஃப்டையே பிடிக்கும் என்பதால் அதை விடுவித்திருக்க வேண்டும். முன்பக்கமும் இவ்வாறே பாருங்கள். முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப் பூட்டு இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள்.

விகிதங்கள் பொருந்தினாலும், தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தோடு வளைவு திரும்பினால் இந்த வகை வண்டி இறுகவே செய்யும். ஆகவே, ஆக்சிலை மாற்றியபின் இளகிய மண்ணில் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.