லைசன்ஸ் சஸ்பெண்ட் ஆன காலத்தில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அபராதத்தோடு முடிந்துவிடுமா?

ஹெல்மெட் போடாததால் லைசன்ஸ் மூன்று மாதம் சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது, அவசரத்துக்கு அண்ணன் பைக்கை எடுக்கலாமா, பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தயவுசெய்து எடுக்காதீர்கள்.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, லைசன்ஸே இல்லாமல் ஓட்டுவது 181ஆம் பிரிவில் வரும்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உங்களைப் போல லைசன்ஸ் சஸ்பெண்ட் ஆனவரைச் சட்டம் 'தகுதிநீக்கம் செய்யப்பட்டவர்' என்கிறது; அவர் ஓட்டுவது தனிக் குற்றம், 182ஆம் பிரிவு. சிறை அதே மூன்று மாதம் வரைதான், அபராதம் 10,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு முன் இரண்டுக்கும் அதிகபட்சம் 500 ரூபாய். 'ஐந்நூறு கட்டினால் விட்டுவிடுவார்கள்' என்ற பேச்சு அந்தக் காலத்தது. வேறு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புது லைசன்ஸுக்கு விண்ணப்பிப்பதும் இதே 182இல் குற்றம்தான். வாங்கிவிட்டாலும் அது செல்லாது.

பைக் அண்ணன் பெயரில் இருப்பதால் அவரும் மாட்டுவார். செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு 180ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். வண்டியையும் போலீஸ் பிடித்து வைக்கலாம்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. குடும்பத்தையே கவிழ்ப்பது இன்சூரன்ஸ். தகுதிநீக்கக் காலத்தில் இருப்பவர் ஓட்டினார் என்பது, 150ஆம் பிரிவின்படி இன்சூரன்ஸ் கம்பெனி முன்வைக்கக்கூடிய எதிர்வாதங்களில் ஒன்று. உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை நிராகரித்துவிடுவார்கள். நடந்துபோனவர் மேல் மோதிவிட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பெரும்பாலும் 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று உத்தரவிடும். ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இது. உரிமையாளர் தெரிந்தே கொடுத்தார் அல்லது கவனிக்காமல் கொடுத்தார் என்று கம்பெனி நிரூபிக்க வேண்டும். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் 'எனக்குத் தெரியாது' என்றால் எடுபடுவது கஷ்டம். உயிரிழப்பு வழக்கில் தொகை லட்சக்கணக்கில் போகும், வசூல் அவர் சொத்தின் மேல் வரும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106(1)இன் கீழ் உங்கள் மேல் வரும் குற்ற வழக்கு வேறு. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. லைசன்ஸை வாங்கிக்கொண்டு போலீஸ் ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுக்கும். அதைக் காட்டி ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். வேறு சில காரணங்களுக்காகப் பறிமுதல் செய்தால் அது சரி. ஆனால் அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடிபோதை, ரேஸ், பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாதது போன்றவற்றுக்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் 206(4)இன் கீழ் வாங்கியிருந்தால், லைசன்ஸ் கைக்குத் திரும்பும்வரை அந்தச் சீட்டு ஓட்டுவதற்கான அனுமதி ஆகாது. 'சஸ்பென்ஷன் ஆர்டர் இன்னும் வரவில்லையே' என்பதும் உதவாது.

விளக்கம் கேட்டு ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அனுப்பினால் ஒதுக்கி வைக்காமல் நேரில் போய்ப் பதில் கொடுங்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது, திருப்தியானால் விட்டுவிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முதல் தடவை என்றால் மூன்று மாதம், இரண்டாம் தடவை லைசன்ஸே ரத்து. உத்தரவு வந்தால் எந்தத் தேதியிலிருந்து, எந்த வகை வண்டிகளுக்கு என்று வரிவரியாகப் படியுங்கள். எல்லா வகைக்கும் போடலாம், ஒரு வகைக்கு மட்டும் போடலாம். கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனு கொடுத்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள், சஸ்பென்ஷனை நிறுத்தி வைக்கும் தடை உத்தரவு (ஸ்டே) கிடைக்க வேண்டும்.

மூன்று மாதம் முடிந்த மறுநாளே ஓட்டலாம் என்பதும் தவறு. 2019 திருத்தப்படி அங்கீகாரம் பெற்ற இடத்தில் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் லைசன்ஸைத் திருப்பித் தருவார்கள். கடைசி வாரம்வரை காத்திருக்காமல் எங்கே, எப்போது பயிற்சி என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கார்டு கைக்கு வந்த பிறகும், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் லைசன்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து, சஸ்பென்ஷன் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். சோதனையில் போலீஸ் பார்ப்பதும் அந்தப் பதிவைத்தான்.