எச்.ஆர். எழுந்து பேசும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தச் சுற்றுக்கு வந்த கேள்விகளில் பாதி ஸ்லைடின் அழகைப் பற்றியவை: எந்த டெம்ப்ளேட், எந்த எழுத்துரு, அனிமேஷன் வைக்கலாமா. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். விற்பனைப் பிரிவு சரக்கைப் பற்றிப் பேசும், கணக்குப் பிரிவு பணத்தைப் பற்றிப் பேசும். எச்.ஆர்., அதாவது மனிதவளப் பிரிவு, யாரைப் பற்றிப் பேசுகிறதோ அந்த ஆட்களே எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஆட்கள் வேலையை விட்டுப் போவது பற்றி நிர்வாகக் குழுவுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை பிரசன்டேஷன் தருகிறேன். மொத்தம் 22 ஸ்லைடு. ஐந்தாவதிலேயே ஃபைனான்ஸ் தலைவர் "சரி, இப்ப எங்களை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டுவிடுகிறார். மீதியைக் காட்டவே முடிவதில்லை.

அவர் கேட்டதற்குப் பதில் உங்கள் 22-ஆவது ஸ்லைடில் இருந்திருக்கும். அதைத் தூக்கி முதலில் வையுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓராண்டில் சராசரியாக 240 பேர் வேலை பார்த்த நிறுவனத்தில் 36 பேர் போய்விட்டார்கள். 36-ஐ 240-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அட்ரிஷன், அதாவது ஆட்கள் விலகும் விகிதம், 15 சதவீதம். நம்மில் பலர் இந்த 15-ஐப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் போன ஆண்டின் 12-ஐ வைத்து, ஒரு சிவப்பு அம்புக்குறியோடு நிறுத்திவிடுகிறோம். பார்க்கிறவர் வருத்தப்படலாம், வேறெதுவும் செய்ய முடியாது.

அதே 36 பேரை, சேர்ந்து எத்தனை மாதத்தில் போனார்கள் என்று பிரித்துப் பாருங்கள். 14 பேர் முதல் ஆறு மாதத்துக்குள் போனவர்கள் என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். இப்போது கதையே வேறு. ஆறு மாதத்தில் போகிறவர் இன்க்ரிமென்ட் போதவில்லை என்று போகவில்லை. அவர் இன்க்ரிமென்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நேர்காணலில் சொன்ன வேலை ஒன்று, உட்கார்த்தி வைத்த வேலை வேறு என்று இருந்திருக்கலாம். முதல் மாதம் முழுக்க யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஆக, உங்கள் முதல் ஸ்லைடில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "36 பேர் போனார்கள், 14 பேர் முதல் ஆறு மாதத்திலேயே. புதிதாகச் சேர்ந்தவரிடம் 30, 60, 90-ஆவது நாட்களில் அவருடைய மேலாளர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதைக் கட்டாயமாக்க ஒப்புதல் வேண்டும்." மீதி 21 ஸ்லைடும் பின்னிணைப்பு. கேட்டால் காட்டுங்கள்.

இன்னொன்று. ஒரு ஆள் போய் இன்னொருவர் வந்து தேறுவதற்கு ஆகும் செலவை நீங்களே கணக்கிட்டுக் கொண்டுபோனால், ஃபைனான்ஸ் தலைவர் அதில் ஓட்டை தேடத்தான் செய்வார்; அது அவர் தொழில். ஒரு வாரம் முன்பே அவர் அறைக்குப் போங்கள். விளம்பரம், ஏஜென்சி கட்டணம், நேர்காணலில் போன மேலாளர்களின் நேரம், நாற்காலி காலியாக இருந்த நாட்கள், புதியவர் முழு வேகத்துக்கு வரும்வரை ஆகும் மாதங்கள்: இவற்றை எப்படி மதிப்பிடலாம் என்று அவரையே கேளுங்கள். தானே போட்ட கணக்கை யாரும் கூட்டத்தில் வெட்ட மாட்டார்கள்.

கடைசியாக, 12-லிருந்து 15 ஆனது "3 சதவீத உயர்வு" அல்ல. அது 3 சதவீதப் புள்ளி; சதவீதமாகச் சொன்னால் 25 சதவீத உயர்வு. இதில் ஒருமுறை தடுமாறினால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணும் எடுபடாது.

கேள்வி: ஊழியர் கருத்துக்கணிப்பு முடிவுகளை எல்லா ஊழியர்களுக்கும் காட்டச் சொல்கிறார்கள். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது?

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு நிறுவனத்தில் எல்லோர் முன்னாலும் முடிவுகளைக் காட்டினேன். "மேலாளரிடம் தயங்காமல் பேச முடிகிறது" என்ற கேள்விக்குத் துறைவாரியாகப் பட்டை வரைபடம். ஒரு துறையின் பட்டை மட்டும் குட்டையாக நின்றது. அந்தத் துறையில் நான்கே பேர். அவர்களுடைய மேலாளர் திரையைப் பார்த்தார், பிறகு திரும்பிப் பின் வரிசையில் இருந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அதில் ஒரு பெண் கையிலிருந்த பேனாவை மூடி, திறந்து, மூடி, திறந்துகொண்டே இருந்தார். அடுத்த ஆண்டு அந்தத் துறையிலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து.

ஐந்து பேருக்குக் குறைவாகப் பதில் தந்த குழுவைத் தனியாகக் காட்டக் கூடாது என்பது பரவலாக இருக்கும் வழக்கம். அது மட்டும் போதாது. நிறுவனத்தின் மொத்தச் சராசரியும், மற்ற துறைகளின் சராசரியும், ஆட்களின் எண்ணிக்கையும் தெரிந்தால் கழித்துப் பார்த்து, நீங்கள் மறைத்த துறையின் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். எக்ஸெல் தெரிந்த ஒருவர் போதும். சின்னத் துறையை இன்னொன்றோடு சேர்த்து ஒரே பட்டையாகக் காட்டுவதே நல்லது.

எழுத்தில் வந்த கருத்துகளை அப்படியே திரையில் ஒட்டாதீர்கள். எல்லா அலுவலகத்திலும் வாக்கியத்துக்கு மூன்று ஆச்சரியக்குறி போடும் ஒருவர் இருப்பார். எழுதியது யார் என்று ஊருக்கே தெரியும். உங்கள் வார்த்தையில் சுருக்கிச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் குறை எழுதியிருந்தால் அது ஸ்லைடில் வர வேண்டிய விஷயமே இல்லை.

கேள்வி: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி குரலும் உடல்மொழியும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அப்படியென்றால் உள்ளடக்கத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

மெனக்கெடத்தான் வேண்டும். சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற அந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லி, முகப் படங்களோடு காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்று பார்த்த ஆய்வுகள் அவை. உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். மருத்துவக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கலாமா என்று கேட்பவருக்கு உங்கள் கையசைவிலிருந்து பதில் கிடைக்காது.

ஆனால் முகம் ஒன்று சொல்ல, வாய் வேறு சொன்னால் ஆட்கள் முகத்தைத்தான் நம்புவார்கள். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களைக் குறைத்துவிட்டார்கள். அறிவிக்கும் பொறுப்பு என் தலையில். 150 பேர், எல்லோரும் கோபமாக இருப்பார்கள். எனக்கே அதில் உடன்பாடில்லை.

முதல் நிமிடத்திலேயே செய்தியைச் சொல்லிவிடுங்கள். என்ன மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு. நிறுவனத்தின் வளர்ச்சிப் பாதையில் தொடங்கி, சந்தை நிலவரம் பேசி, பன்னிரண்டாவது நிமிடத்தில் குண்டைப் போட்டால், அதுவரை பேசியது எதுவும் காதில் ஏறியிருக்காது. வந்து உட்காரும்போதே ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் முன்பே மேலாளர்களைக் கூட்டிச் சொல்லிவிடுங்கள். தன் குழுவோடு சேர்ந்து அதே நொடியில் செய்தி கேட்கும் மேலாளர், குழுவைவிட அதிகமாகக் கோபப்படுவார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் போய்க் கேட்கப் போவது அவரிடம்தான், உங்களிடம் அல்ல.

பிறகு, முடிவானது எது, இன்னும் பேச இடமிருப்பது எது என்று கோடு போட்டுப் பிரியுங்கள். நாட்களின் எண்ணிக்கை முடிவாகிவிட்டது, எந்தெந்தக் கிழமை என்பதைக் குழுவே தீர்மானிக்கலாம் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். எல்லாம் முடிவான பிறகு "உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்" என்று சொல்லாதீர்கள். இதைவிடக் கோபமூட்டும் வாக்கியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒன்று இருக்கிறது: "நாம எல்லாரும் ஒரே குடும்பம்."

"கைக்குழந்தை இருக்கிறவங்களுக்கு விலக்கு உண்டா?" என்று ஒருவர் கேட்கிறார், உங்களுக்குத் தெரியாது. "தெரியவில்லை, கேட்டு வியாழக்கிழமை மாலைக்குள் எல்லோருக்கும் மெயில் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை பதில் கிடைக்காவிட்டாலும், இன்னும் கிடைக்கவில்லை என்று மெயில் போக வேண்டும்.

உங்கள் உடன்பாடின்மையைப் பற்றி. "எனக்கும் பிடிக்கலை, மேலிடத்து முடிவு" என்று சொன்னால் அன்றைக்குக் கைதட்டல் கிடைக்கும், மறுநாளிலிருந்து நீங்கள் வெறும் தபால்காரர். "எனக்கு ரொம்ப சந்தோஷம்" என்று நடித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் வேண்டாம். உங்கள் ஆட்சேபத்தை முடிவெடுத்தவர்களிடம் அறைக்குள் சொல்லிவிட்டு வாருங்கள். வெளியே வந்து, முடிவையும் அதற்கு அவர்கள் தந்த காரணத்தையும் சர்க்கரை பூசாமல் சொல்லுங்கள். முடிந்தால் முடிவெடுத்தவர்களில் ஒருவரைக் கேள்வி நேரத்துக்குப் பக்கத்தில் நிற்கவையுங்கள். அவர் வர மறுத்தால், இது எவ்வளவு கசப்பான செய்தி என்று அவருக்கும் தெரியும் என்று அர்த்தம்.

கேள்வி: பேச எழுந்தால் குரல் நடுங்குகிறது.

முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், முழுப் பேச்சையும் வேண்டாம். முழுதும் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல்லை விட்டால் எல்லாமே அறுந்துபோகும். முடிந்தால் அரை மணி முன்னால் போய், வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருங்கள். எழுந்து நிற்கும்போது குரல் ஏற்கனவே பழகியிருக்கும். நடுங்கினால் நடுங்கட்டும். உங்களுக்குக் கேட்கும் அளவுக்கு அவர்களுக்குக் கேட்காது.

கேள்வி: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் 80 ஸ்லைடு காட்டும் வழக்கம் இங்கே. மதியத்துக்கு மேல் எல்லோரும் தூங்கி விழுகிறார்கள்.

முதல் நாள் வந்தவருக்குத் தெரிய வேண்டியது நாலைந்து விஷயம்: எங்கே உட்கார வேண்டும், சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும், சம்பளம் எந்தத் தேதி, லீவு எப்படிப் போடுவது, லேப்டாப் எப்போது வரும். நிறுவனர் வரலாறு காத்திருக்கும். பயணப்படி விதிகள் முதல் பயணத்துக்கு முன்னால் சொன்னால் போதும், அப்ரைசல் (வேலை மதிப்பீட்டு) விதிகள் அப்ரைசலுக்கு முந்தைய மாதம். பாதுகாப்பு விதிகளையும், பாலியல் துன்புறுத்தல் பற்றி யாரிடம் புகார் தருவது என்பதையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது காலையிலேயே, எல்லோரும் விழித்திருக்கும்போது.

கேள்வி: 10-20-30 விதியைப் பின்பற்றலாமா? ஸ்லைடுக்கு என்ன நிறம் நல்லது?

பத்து ஸ்லைடு, 20 நிமிடம், 30 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து என்று அமெரிக்க முதலீட்டாளர் கய் கவாசாகி சொன்னது முதலீடு கேட்டு நிற்பவர்களுக்கு. அதில் நமக்கு உதவுவது 30 புள்ளி எழுத்துதான். அந்த அளவில் விதிமுறைப் புத்தகத்தை ஸ்லைடில் ஒட்ட இடம் இருக்காது. வாசிக்க வேண்டியதை மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

நிறத்தில் ஒரே எச்சரிக்கை. ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. நல்லது பச்சை, கெட்டது சிவப்பு என்று வட்டம் வட்டமாக வைத்த ஸ்லைடு அவருக்கு வெறும் வட்டங்கள். பக்கத்தில் ஒரு சொல்லையும் எழுதுங்கள்.

கொசுறாக ஒன்று: பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் 'பி' எழுத்தை அழுத்தினால் திரை கருப்பாகிவிடும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். கேள்வி நேரத்தில் அழுத்திப் பாருங்கள், அத்தனை கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்.

கேள்வி: ஆன்லைன் கூட்டத்தில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். சுவரிடம் பேசுவதுபோல் இருக்கிறது.

கேமராவைப் போடச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்பதை விட்டுவிட்டு, சாட்டில் ஒரே சொல்லில் பதில் போடக்கூடியதாகக் கேளுங்கள்: "இந்தப் புதிய ஃபார்மில் உங்களைக் குழப்பும் பகுதி எது, எண்ணை மட்டும் போடுங்கள்." எண்கள் மடமடவென விழும். அந்த வரிசையிலேயே பேசுங்கள்.

கேள்வி: தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் புதிய வருகைப்பதிவு முறையைப் பத்து நிமிடத்தில் விளக்க வேண்டும். புரொஜெக்டர் கிடையாது. எதை வைத்து விளக்குவது?

அந்த விரல்ரேகை மெஷினையே வைத்து. ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு விரலை மெஷின் ஏற்காது, எல்லோரும் சிரிப்பார்கள். பதிவு விழவில்லை என்றால் சம்பளம் பிடிப்பீர்களா என்று அந்தச் சிரிப்பிலேயே ஒருவர் கேட்பார். அவர்கள் நின்றுகொண்டிருப்பதே அதற்குத்தான், அதற்கான பதிலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.