டீனை நியமிப்பது யார்?

கேள்வி: செர்பிய மாணவர் போராட்டம் பற்றி எங்கே படித்தாலும் 1998ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தில் போய் நிற்கிறது. ஒரு கல்விச் சட்டத்தின் மேல் ஏன் அவ்வளவு கோபம்?

பதில்: கோபம் நியாயமானது. 1996-97 குளிர்காலத்தில், எதிர்க்கட்சிகள் வென்ற உள்ளாட்சித் தேர்தல் முடிவைச் செர்பிய அதிபர் மிலோஷெவிச்சின் ஆட்சி ஏற்க மறுத்தபோது, தலைநகர் பெல்கிரேடின் மாணவர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள், கடைசியில் அரசுதான் இறங்கி வந்தது. அதற்குப் பழிவாங்கத்தான் 1998 மே மாதம் இந்தச் சட்டம் வந்தது என்பது என் எண்ணம். பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரையும் ஒவ்வொரு பீடத்தின் டீனையும் இனி அரசே நேரடியாக நியமிக்கும் என்றது சட்டம். அதோடு நிற்கவில்லை. ஏற்கனவே வேலையில் இருக்கிற ஆசிரியர்கள் அத்தனை பேரும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் வேலை போகும். இருபது முப்பது வருஷம் பாடம் நடத்திய ஒருவரிடம் திடீரென்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அது விசுவாச உறுதிமொழி இல்லாமல் வேறென்ன? பலர் மறுத்தார்கள், வெளியே தள்ளப்பட்டார்கள். அப்படித் தள்ளப்பட்டவர்களும் அவர்களோடு நின்றவர்களும் சேர்ந்து மாற்றுக் கல்வி வலையமைப்பு ஒன்றைத் தொடங்கி, வெளியே வகுப்பு நடத்தினார்கள். அதே வருஷம் அக்டோபரில், இந்தச் சட்டத்தை எதிர்த்த மாணவர்களிடமிருந்துதான் ஓட்போர் இயக்கம் பிறந்தது; மூடிய முஷ்டி அதன் சின்னம். இரண்டு வருஷத்தில் மிலோஷெவிச் பதவியில் இல்லை.

கேள்வி: அங்கே ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒவ்வொரு பீடமும் தனி நிறுவனமாம். இது எப்படி சாத்தியம்?

பதில்: செர்பியா, குரோவேஷியா, போஸ்னியா எல்லாம் ஒரே நாடாக இருந்த யூகோஸ்லாவியக் காலத்து ஏற்பாடு இது. சட்டப் பீடம், மருத்துவப் பீடம், பொறியியல் பீடம் என்று ஒவ்வொன்றும் சட்டப்படி தனி நிறுவனம். தனி வங்கிக் கணக்கு, தனி முத்திரை, தனி மாணவர் சேர்க்கை. பல்கலைக்கழகம் என்பது மேலே போர்த்திய ஒரு பெயர், அவ்வளவுதான். ரெக்டர் ஏதாவது செய்ய நினைத்தாலும் பணம் டீன்களின் கையில். இதில் அடிபடுவது மாணவர். பொருளாதாரம் படிக்கிறவர் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சமூகவியல் பாடம் எடுக்கலாம் என்று போனால், அது வேறொரு நிறுவனத்தின் வாசல்.

இதை மாற்றச் சொல்லி வெளிநாட்டு ஆலோசகர்கள் சலிக்காமல் எழுதினார்கள். மான்டினீக்ரோ பீடங்களை ஒன்றாக்கியது, போஸ்னியாவில் டுஸ்லா பல்கலைக்கழகம் ஒன்றாக்கியது. பெல்கிரேடும் குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபும் இழுத்தடித்தன. நான் ஒருங்கிணைப்பை ஆதரிக்கிறவன்தான். ஆனால் பீடங்களின் பயத்தையும் வெறும் பதவி ஆசை என்று ஒதுக்க மனசு வரவில்லை. எல்லா அதிகாரத்தையும் ஒரு ரெக்டரிடம் சேர்த்துவிட்டால், அந்த ஒருவரைப் பிடித்தாலே முழுப் பல்கலைக்கழகமும் ஆட்சியாளர் கைக்குப் போய்விடுமே! முதலில் ரெக்டர் தேர்வை அரசியலிடமிருந்து சட்டம் காப்பாற்றட்டும், அப்புறம் ஒன்று சேர்க்கலாம். பல அரசுகள் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்த்தன.

போஸ்னியாவின் சிக்கல் இன்னும் பெரிது. 1992-95 போருக்குப் பிறகு நாட்டுக்கென்று மத்தியக் கல்வி அமைச்சகமே கிடையாது. உயர்கல்விக்கு ஒரு பொதுச் சட்டம் வரவே 2007 ஆனது. நாட்டின் இரண்டு பகுதிகளில் ஒன்றான கூட்டாட்சிப் பகுதியின் பத்து மாகாணங்களுக்கும் தனித்தனிக் கல்வி அமைச்சர். மோஸ்டார் என்ற சின்ன நகரத்தில் மட்டும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பொதுப் பல்கலைக்கழகங்கள்.

கேள்வி: ஐரோப்பிய நாடுகளின் பட்டப்படிப்புகளை ஒரே அமைப்புக்குக் கொண்டுவரும் போலோன்யா சீர்திருத்தத்தால் மாணவர்களுக்கு நல்லது நடந்ததா?

பதில்: கொஞ்சம் நடந்தது. செர்பியா, போஸ்னியா, அல்பேனியா, மாசிடோனியா நான்கும் 2003இல் சேர்ந்தன. அதுவரை, எல்லாப் பருவமும் முடித்துத் தேர்வு மட்டும் பாக்கி வைத்திருக்கிறவரை ‘அப்சொல்வென்ட்’ என்பார்கள், அந்த நிலையிலேயே வருஷங்கள் ஓடிவிடும். வருஷத்துக்கு 60 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்புப் புள்ளி) என்று கணக்கு வந்ததில் அது குறைந்தது நிஜம்தான். ஆனால் செர்பியாவில் அதே 60ஐத்தான் இலவச இடத்தைத் தக்கவைக்கும் நிபந்தனையாகவும் வைத்தார்கள். ஒரு தேர்வில் தவறினால் அடுத்த வருஷம் கட்டணம்! பாடத்திட்டத்தைக் குறைக்காமல் பெயரை மட்டும் மாற்றிய துறைகளில் இது மாணவர்களை நசுக்கியது. திரும்பத் திரும்பப் போராடித்தான் 48 ஆக இறக்கினார்கள்.

கேள்வி: மொழிப் பிரச்சினையும் உண்டு அல்லவா?

பதில்: உண்டு, உயிர் போகிற அளவுக்கு. அப்போது செர்பியாவின் கீழிருந்த கோசோவோவில் 1991இல் பிரிஷ்டினா பல்கலைக்கழகத்திலிருந்து அல்பேனிய ஆசிரியர்களையும் மாணவர்களையும் செர்பிய அரசு வெளியேற்றியது. பிறகு வருஷக்கணக்கில் தனியார் வீடுகளில் வகுப்பு நடந்தது. யாரோ ஒரு குடும்பம் தங்கள் அறைகளைக் காலி செய்து கொடுக்க, அதில் நெருக்கி உட்கார்ந்து சட்டமும் மருத்துவமும் படித்தார்கள். மாசிடோனியாவின் (இன்றைய வட மாசிடோனியா) டெட்டோவோவில் அல்பேனிய மொழிப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, 1995 பிப்ரவரியில் போலீஸ் புகுந்தது, ஒருவர் இறந்தார். அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது 2004இல். தாய்மொழியில் படிக்கக் கேட்டதற்கு இவ்வளவு வருஷம்.

கேள்வி: மாணவர்கள் போராடிச் சட்டத்தைத் தடுத்ததுண்டா?

பதில்: மாசிடோனியாவில் தடுத்தார்கள். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு அரசே தனியாகத் தேர்வு வைக்கும் என்று 2014இல் அறிவித்ததும், தலைநகர் ஸ்கோப்யேயின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2015 தொடக்கத்தில் பீடக் கட்டடங்களைப் பிடித்து ‘தன்னாட்சி மண்டலம்’ என்று அறிவித்தார்கள், அரசு பின்வாங்கியது.

ஆனால் சட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. 2024 நவம்பரில் செர்பியாவின் நோவி ஸாத் நகர ரயில் நிலையக் கூரை இடிந்து பலர் இறந்த பிறகு, பொறுப்பேற்கக் கேட்டுச் செர்பிய மாணவர்கள் பீடங்களை முடக்கினார்கள், ஆசிரியர்கள் பலர் கூட நின்றார்கள். 2025 மார்ச்சில் அரசு சட்டத்தைத் தொடாமல் ஓர் ஆணை போட்டது: வாரம் 40 மணி நேர வேலையில் பாதி ஆராய்ச்சி என்றிருந்ததை 5 மணி நேரமாக்கி, மீதி 35ஐயும் கற்பித்தல் என்றது. வகுப்புதான் நடக்கவில்லையே, அதனால் பல பேராசிரியர்களின் கைக்கு வந்தது சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு.