சர்க்கரை நோயாளிக்குக் கால் விரல் கருத்துவிட்டது. உடனே விரலை எடுத்துவிட வேண்டுமா?

அம்மாவுக்குப் பெருவிரல் கருத்துவிட்டது, ராத்திரி வலியில் தூங்குவதில்லை, விரலை எடுத்துவிடலாம் என்று ஊர் டாக்டர் சொல்கிறார், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. என் மாமனாருக்கு இதே நிலை வந்தபோது கூடவே அலைந்தவன். காய்ச்சல், சீழ், நாற்றம் எதுவும் இல்லாமல் விரல் உலர்ந்து கருத்திருந்தால், காலுக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்க்காமல் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள். சீழும் காய்ச்சலும் இருந்தால் கதை வேறு. கிருமி உடம்பில் ஏறிவிடும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாமனாருக்குச் சர்க்கரையும் உண்டு, பீடியும் உண்டு. ராத்திரி படுத்தால் பாதம் எரியும். எழுந்து கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் அடங்கும். சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சல் என்று மாசக்கணக்கில் நரம்பு மாத்திரைதான் கொடுத்தார்கள். தொங்கப் போட்டால் வலி குறைகிறது என்பதே பெரிய அடையாளம். அடைத்த குழாயில் ரத்தம் கீழே இறங்கப் பூமியின் இழுவை கொஞ்சம் உதவுகிறது, அவ்வளவுதான். நரம்பு எரிச்சல் பொதுவாக இதற்கு மசியாது. உங்கள் அம்மாவும் அப்படி உட்காருகிறாரா என்று கவனியுங்கள்.

அப்புறம் சுண்டுவிரல் கருத்தது, ஒரு நர்சிங் ஹோமில் எடுத்தார்கள். புண் ஆறவில்லை, பக்கத்து விரலும் கருத்தது. ரத்தமே வராத இடத்தில் வெட்டினால் வெட்டிய இடம் எப்படி ஆறும்? வாஸ்குலர் சர்ஜனிடம், அதாவது ரத்தக்குழாய்களுக்கு அறுவை செய்யும் மருத்துவரிடம், போன பிறகுதான் யாரோ முதல்முறையாகக் காலில் நாடி பிடித்துப் பார்த்தார்கள்.

முதல் பரிசோதனை எளிது. கணுக்காலில் எடுக்கும் பிரஷரைக் கையில் எடுப்பதோடு வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு, 0.4-க்குக் கீழே என்றால் நிலைமை மோசம். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு இந்த எண்ணை நம்பிவிடக் கூடாது. ரத்தக்குழாய் சுவரில் கால்சியம் படிந்து இறுகிப்போவதால் பிரஷர் எடுக்கும் பட்டையால் அதை அமுக்க முடியாது, அடைப்பு இருந்தும் எண் நன்றாகவே வரும். மாமனாருக்கு ஒரு முகாமில் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்த தாள் இன்னும் வீட்டில் கிடக்கிறது. கால் விரலில் பிரஷர் எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அது 30-க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது கஷ்டம்.

அடுத்து டாப்ளர், அதாவது குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் ஸ்கேன். பிறகு ஆஞ்சியோகிராம், அதாவது குழாய்க்குள் மருந்து செலுத்தி அடைப்பைப் படமெடுப்பது. சர்க்கரையில் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயுள்ள மெல்லிய குழாய்கள் அடைபடும், புகைப்பவர்களுக்குத் தொடைக்குழாய். இவருக்கு இரண்டும். ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அம்மாவின் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

சிகிச்சைக்கு இரண்டு வழி. ஒன்று, தொடை இடுக்கில் சின்னத் துளையிட்டுக் கம்பி நுழைத்து பலூனால் அடைப்பை விரிப்பது, தேவைப்பட்டால் குழாய் மூடாமல் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் வைப்பது. இந்த வழியே காலில்தான் தொடங்கியது, இதயத்துக்கு அப்புறம்தான் போனது. 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பாட்டி ஒருவருக்குச் சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் தொடைக்குழாய் அடைப்பைக் கம்பியும் குழாயும் விட்டுத் திறந்தார். இன்னொரு வழி பைபாஸ், அதாவது காலிலிருக்கும் நீளமான சிரை (இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ஒன்றை எடுத்து அடைப்பைத் தாண்டி இணைப்பது.

எது நல்லது என்று சண்டை இன்னும் ஓயவில்லை. 2022-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், நல்ல சிரை இருப்பவர்களுக்கு பைபாஸ் முந்தியது. அடுத்த வருடம் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களுக்கு முதலில் பலூன் செய்வதே முந்தியது. ஆகவே அம்மாவின் சிரை எப்படி இருக்கிறது, மயக்க மருந்தை இதயம் தாங்குமா என்று கேளுங்கள். பலூன் மட்டுமே செய்யும் இடத்தில் பலூன்தான் சொல்வார்கள். இரண்டும் செய்யும் இடத்தில் ஒரு அபிப்பிராயம் வாங்குவது நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்றும் விசாரியுங்கள்.

மாமனாருக்கு பலூன் செய்தார்கள். கருத்த இரண்டாவது விரலையும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது, செத்த தசைக்கு உயிர் வராது. ஆனால் இந்த முறை வெட்டிய இடம் மெதுவாக ஆறியது, பாதம் தப்பியது. பலூன் செய்த குழாய் மறுபடி அடைக்கலாம் என்பதால் டாப்ளர் தொடர்கிறது. ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை எல்லாம் அடைப்பைக் கரைக்காது, ஆனால் திறந்ததைக் காக்கவும் மாரடைப்பைத் தடுக்கவும் அவை வேண்டும். பீடியை விட்டார், முணுமுணுத்துக்கொண்டே.

வீட்டில் யார் சொன்னாலும் வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் உருவல் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் சூடு பட்டாலும் தெரியாது. நரம்புச் சுருட்டலுக்குப் போடும் இறுக்கமான சாக்ஸை மாட்டிவிட்டால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும்.

சிலருக்கு எதைச் செய்தும் கால் தங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதும் முழங்காலைக் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள். முழங்கால் இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது எவ்வளவோ சுலபம்.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் டாப்ளருக்கு நாள் குறித்துக் காத்திருக்காதீர்கள். ரத்தம் கட்டிக் குழாய் முழுதாக அடைத்திருக்கும், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள்.